வெம்மையும் நோவும்: உற்றவர் சொல்லே சான்று

உயிர்களை அறிவின் அளவால் வகைப்படுத்திய தொல்காப்பியர், மரபியலில் ஓரறிவுக்கு உரியதாக வைத்தது உற்றறிதலையே. சுவையும் மணமும் காட்சியும் கேள்வியும் அதன் பின்னரே வருகின்றன. 'உறுதல்' என்னும் சொல்லும் பொருள் பொதிந்தது. தொடுதலுக்கும் அதுவே சொல். துன்பமடைதலுக்கும் அதுவே சொல். தோலில் ஒன்று படுவதும், அதனால் ஒருவன் வருந்துவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதைத் தமிழ் பயில்வோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும் படுவது வேறு, வருந்துவது வேறு என்பதே இன்றைய நரம்பியல் நமக்குக் கற்பிக்கும் பாடம். தீ சுடுவது விரலில். 'சுடுகிறது' என்னும் உணர்வு பிறப்பதோ மூளையில். இவ்விரண்டிற்கும் இடையே நெடிய பாதையொன்று உண்டு. அப்பாதையில் செய்தி பெருகலாம், சிறுக்கலாம், திரியலாம், முற்றும் நின்றும் போகலாம். ஆகவே ஒருவர் படும் நோவைப் புறத்தே நின்று அளந்துவிட இயலாது. நோவுக்கு முதற்சான்று அதனை உற்றவர் சொல்லே. அச்சொல்லை ஐயுறும் வழக்கம் நம் வீட்டிலும் கல்விக்கூடத்திலும் மருத்துவமனையிலும் வேரூன்றிக் கிடக்கின்றது. அதனைக் களைய வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்கு அறிவியல் தரும் துணையை முதற்கண் நோக்குவோம்.

வெம்மை புகும் வாயில்

தோலின் அடியில் நுண்ணிய நரம்பு முனைகள் எண்ணிறந்தன உள. அவற்றின் மேற்பரப்பில் சில புரதங்கள் கதவுகள் போல் அமைந்துள்ளன. குறித்த வெப்பநிலை வந்ததும் கதவு திறக்கின்றது. மின்னூட்டம் கொண்ட அணுக்கள் உட்புகுகின்றன. நரம்பில் மின்துடிப்பு பிறக்கின்றது. இக்கதவுகளுள் ஒன்றை 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். அவர்கள் தேடப் புகுந்தது மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள் எவ்வாறு எரிச்சல் தருகின்றது என்பதையே. தேடிக் கண்ட புரதமோ, ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற்கும் திறக்கும் கதவாக இருந்தது. டி.ஆர்.பி.வி.1 என்பது அதன் பெயர்.

மிளகாயைக் கடித்தவர் 'நாக்கு எரிகிறது' என்கிறார். நாவில் நெருப்பு ஏதும் இல்லை; அதன் வெப்பநிலையும் உயர்ந்துவிடவில்லை. ஆயினும் அவர் கூற்று பொய்யன்று. தீ திறக்க வேண்டிய கதவை மிளகாய் திறந்துவிட்டது. மூளைக்குச் சென்றது தீயின் செய்தியே. பறவைகளின் உடலில் இதே புரதம் சற்று வேறுபட்டு அமைந்திருப்பதால் கேப்சைசின் அதனைத் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை வருத்தமின்றித் தின்பதன் மறைபொருள் இதுவே. ஒரே கனி ஓருயிர்க்கு நெருப்பாகவும் மற்றோருயிர்க்கு வெறும் உணவாகவும் அமைகின்றது.

இதே போலக் குளிர்ச்சிக்கும் ஒரு கதவு உண்டு. புதினாவின் மென்தால் அதனைத் திறக்கும். இக்குளிர்வாயிலை 2002-இல் ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டறிந்தனர். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களை வெளிப்படுத்தியமைக்காக இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விரலிலிருந்து மூளை வரை

தோலில் பிறந்த செய்தியை இருவகை நரம்பிழைகள் சுமந்து செல்கின்றன. மெல்லிய கொழுப்புறை போர்த்த இழைகள் நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வரை செய்தியைக் கடத்தும். உறையற்ற இழைகளோ நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரையே கடத்தும். சுடுகலத்தைத் தொட்டவுடன் முதலில் 'சுரீர்' என்று ஒரு குத்தல்; சற்றுப் பின்னர் மெல்லப் பரவும் காந்தல். இவ்விரண்டும் இருவேறு வண்டிகளில் ஏறி வந்த செய்திகள்.

செய்தி தண்டுவடத்தை அடைந்ததும் அங்கேயே ஒரு கட்டளை பிறந்து, கை பின்னிழுக்கப்படுகின்றது. மூளை நோவை உணருமுன் கை விலகிவிடுகின்றது. பின்னர் அச்செய்தி தண்டுவடத்தில் மறுபக்கம் தாண்டி மேலேறித் தாலமஸ் என்னும் நடுநிலையத்தை அடைந்து, மூளையின் பல பகுதிகளுக்குப் பிரிந்து செல்கின்றது. 'எங்கே, எவ்வளவு' என்று கணிப்பது ஒரு பகுதி. உடலின் உள்நிலையோடு வைத்து உணர்வது இன்சுலா என்னும் மடிப்பு. 'தாங்க இயலவில்லை' என்னும் துயரத்தோடு நெருங்கிய தொடர்புடையது சிங்குலேட் எனப்படும் வளைவு. மூளையில் நோவுக்கென்று தனியறை ஏதும் இல்லை. பல பகுதிகள் கூடி ஆய்ந்து வழங்கும் தீர்ப்பே நோவு.

பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலார் தேக்கார்த்து இதனை வேறு விதமாகக் கருதினார். 1664-இல் அவர் மறைவுக்குப் பின் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நூலில், நெருப்பருகே காலை நீட்டிய ஒருவனின் படம் உண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பது போல, தீ காலைத் தீண்டியதும் மூளையில் நோவு எழுகின்றது என்பது அவர் விளக்கம். இழுத்த அளவுக்கு மணி ஒலிக்கும். காயத்தின் அளவுக்கு நோவு எழும். இக்கருத்து நெடுங்காலம் ஆட்சி செய்தது. இன்றும் நம்மில் பலர், 'காயம் ஒன்றும் பெரிதில்லையே, ஏன் இப்படித் துடிக்கிறாய்?' என்று கேட்கும்போது, நம்மை அறியாமலே அந்தக் கயிற்றையும் மணியையும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சுடாததும் சுடும்

கயிறும் மணியும் போதா என்பதற்கு எளிய சான்று ஒன்றைச் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் துன்பர்க் 1896-இல் காட்டினார். இளஞ்சூடான கம்பிகளையும் குளிர்ந்த கம்பிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் கையை வைக்கச் செய்தார். ஒருவகைக் கம்பியின் வெம்மை வெதுவெதுப்பே. மற்றதன் தண்மை வெறும் குளிர்ச்சியே. தனித்தனியே தொட்டால் இரண்டும் துன்பம் தருவன அல்ல. ஒருசேரத் தொட்டாலோ கை சுட்டெரிவது போன்ற உணர்வு பலருக்கு எழுகின்றது.

நூறாண்டுகள் கழித்து, 1996-இல், கிரெய்க் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவ்வுணர்வு எழும்போது மூளையைப் படமெடுத்து ஆய்ந்தனர். தனி வெம்மைக்கும் தனிக் குளிர்ச்சிக்கும் கிளர்ச்சியுறாத சிங்குலேட் பகுதி, இரண்டும் கூடியபோது மெய்யான நோவுக்குக் கிளர்வது போலவே கிளர்ந்தது. தோல் வேகவில்லை, சிவக்கவுமில்லை. எனினும் அவர் உற்றது உற்றதே. 'காயம் எங்கே, காட்டு' என்று கேட்பவர்க்கு அவர் காட்ட ஒன்றுமில்லை. சொல்ல மட்டுமே உண்டு.

பெருங்காயமும் சிறுநோவும்

இதன் மறுதலையும் உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பீச்சர், 1946-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கடுங்காயமுற்று வந்த வீரர்களுள் பெரும்பாலோர் வலிநீக்கும் மருந்து வேண்டாம் என்றனராம். போர்க்களத்தை விட்டு உயிரோடு மீண்டோம் என்னும் ஆறுதல், காயத்தின் பொருளையே அவர்களுக்கு மாற்றிவிட்டது போலும்.

1965-இல் கனடா நாட்டு மெல்சாக்கும் இங்கிலாந்து நாட்டு வாலும் 'வாயிற் கொள்கை' ஒன்றை முன்வைத்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டு. தோலிலிருந்து வரும் பிற உணர்வுகளும், மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அவ்வாயிலைத் திறக்கவும் சாத்தவும் வல்லன என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம். வாயிலைச் சாத்தும் முயற்சி அது. அக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. மூளை நோவைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, அதனை ஆளவும் செய்கின்றது என்னும் மையக் கருத்து நிலைத்துவிட்டது.

1978-இல் பல் பிடுங்கப்பெற்றவர்களிடம் லெவின் குழுவினர் நடத்திய ஆய்வு இதற்கு மேலும் ஒளி தந்தது. மருந்தென்று சொல்லி மருந்தல்லாத ஒன்றைக் கொடுத்தபோதே சிலருக்கு வலி தணிந்தது. அபினி வகைப் பொருள்களின் வினையைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அத்தணிவு குன்றியது. நம்பிக்கையினால் வந்த ஆறுதலும் உடலே சுரக்கும் வேதிப்பொருளின் வழியே வந்தது என்பது புலனாயிற்று. 1997-இல் ரெயின்வில் குழுவினர், வேதனை தரும் வெந்நீரில் கையை வைத்திருந்தவர்களுக்கு அறிதுயில் வழியே 'இது கொடிது' என்றும் 'இது அவ்வளவு கொடிதன்று' என்றும் கருத்தேற்றினர். நீரின் சூடு மாறவில்லை. துயரம் மட்டும் ஏறி இறங்கியது. அதனோடு ஒத்துச் சிங்குலேட் பகுதியின் கிளர்ச்சியும் ஏறி இறங்கியது.

இன்னும் வியப்புக்குரியது இல்லாத உறுப்பின் நோவு. துண்டிக்கப்பட்ட கை தன் விரல்களை இறுக மடக்கிக்கொண்டு வலிப்பதாகச் சொல்வோர் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தோரைக் கண்ட மிச்செல் என்னும் மருத்துவர் 1871-இல் இதற்கு 'மாய உறுப்பு' எனப் பெயரிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், 1990-களில் கலிபோர்னியாவில் இதனை ஆராய்ந்தார். கண்ணாடி ஒன்றை நடுவே நிறுத்தி, இருக்கும் கையின் நிழலுரு இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். இருக்கும் கையை விரித்ததும், இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். அவர்தம் இறுக்கமும் வலியும் தளர்ந்தன.

ஈண்டு ஒரு வினா எழலாம். எல்லாம் மூளையின் செயலென்றால் நோவு வெறும் கற்பனைதானோ? அன்று. கற்பனையை நாம் விரும்பியபோது விடலாம். நோவை விட இயலாது. நாம் காணும் நிறமும் கேட்கும் இசையும் கூட மூளையில் உருப்பெறுவனவே. அவற்றைப் பொய்யென்று எவரும் புறந்தள்ளுவதில்லை. நோவை மட்டும் தள்ளுவது எவ்வகை நீதி?

நோவறியா மேனி

நோவே இல்லாதிருந்தால் நன்றன்றோ எனின், அதற்கும் விடை உண்டு. 2006-ஆம் ஆண்டில் வட பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அக்குடும்பங்களில் சில பிள்ளைகள் பிறவியிலேயே வலி அறியாதவர்கள். நரம்பில் துடிப்பை எழுப்பும் ஒரு புரதத்தின் மரபணுப் பழுதே காரணம். அவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த சிறுவன் தெருவில் வித்தை காட்டுபவன். கைகளில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலில் நடப்பான். பதினான்கு வயது நிறையுமுன் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து உயிர் நீத்தான்.

நம் நாட்டில் இப்பாடத்தைக் கற்றுத் தந்தவர் மருத்துவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த இவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயுற்றோரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று மக்கள் நம்பிய காலம் அது. அவ்வாறன்று, நோய் நரம்பைத் தாக்கி நோவுணர்வைப் போக்கிவிடுகின்றது. அதன் பின் சுடுகலமும் முள்ளும் செய்யும் காயங்களை உணராமையால் உறுப்புகள் சிதைகின்றன என்று அவர் தெளிவுபடுத்தினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் செயற்கை நோவுணர்வு ஒன்றைப் படைக்கவும் முனைந்தார். அழுத்தம் மிகும்போது கையுறை ஒலியெழுப்பும். பின்னர் மின்னதிர்ச்சியும் தரும். அணிந்தோர் தமக்கு இடையூறாகும்போது அதனை அணைத்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தனர். அணைக்க இயலாமையே நோவின் காவல் என்பது அம்முயற்சியின் தோல்வி கற்பித்த பாடம்.

இது பழங்கதையன்று. நீரிழிவு முற்றிய பலருக்குப் பாதத்தின் உணர்வு மெல்ல மெல்ல மங்குகின்றது. கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் கண்ட பின்னரே அறிபவர் உளர். இல்லத்துப் பெரியோர் நாள்தோறும் தம் பாதத்தைக் கண்ணால் பார்த்தல் வேண்டும்; வெந்நீரைக் காலால் சோதித்தலாகாது. நோவு சொல்லாததைக் கண் சொல்லட்டும்.

நம்ப மறுத்த வரலாறு

நோவுக்கு உற்றவர் சொல்லே சான்றென்றால், சொல்ல இயலாதவர் நிலை என்ன? பச்சிளங்குழவிகளின் நரம்பு முதிரவில்லை, ஆகவே அவை வலியை உணரா என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் கருதியது. 1980-கள் வரையிலும் மேலை நாடுகளில் கூட, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய உணர்வகற்றும் மருந்தின்றி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அசையாதிருக்க மருந்து தந்தனர். வலிக்காதிருக்க மருந்து தரவில்லை. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்பார், குழவிகளும் வலியால் துன்புறுகின்றன என்பதையும், போதிய மருந்து தந்தால் அவற்றின் உடல்நிலை மேம்படுகின்றது என்பதையும் 1987-இல் நிறுவினார். அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் குழவிகளுக்கு உணர்வகற்றும் மருந்து தருதல் வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை அழுத குழந்தையின் அழுகையைச் சான்றாக எவரும் ஏற்கவில்லை.

2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வெள்ளையரான மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் பற்றியது. கறுப்பின மக்களின் தோல் தடிப்பானது என்பன போன்ற பொய்க் கருத்துகளுள் ஒன்றையேனும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பினர். அத்தகையோர் கறுப்பின மக்களின் நோவைக் குறைவாகவே மதிப்பிட்டனர்.

அயலாரை மட்டும் குறை கூறுதல் நமக்கு அழகன்று. செங்கற் சூளையில் பணிபுரிபவரையும் தேநீர்க் கடையில் கொதிகலத்தின் முன் நிற்பவரையும் கண்டு, 'அவர்களுக்குப் பழகிவிட்டது, சுடாது' என்று நாமும் சொல்கிறோம். காய்ப்பேறிய தோலினுள் வெப்பம் புகச் சற்றுக் காலம் கூடுதலாகப் பிடிக்கலாம். புகுந்த பின் அந்நரம்பும் நம் நரம்பே, அம்மூளையும் நம் மூளையே. அவர்கள் சொல்லாதிருப்பதற்குக் காரணம் நோவின்மையன்று. சொன்னால் கூலி போய்விடும் என்னும் அச்சமாகவும் இருக்கலாம். மாதந்தோறும் வயிற்றுவலியால் சுருண்டு கிடக்கும் பெண்ணை 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே' என்று அடக்கிவிடுகிறோம். கருப்பையின் உட்சவ்வு பிற இடங்களில் வளரும் நோய் அவ்வலிக்குக் காரணமாயிருந்து, பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. தலைவலி என்று வகுப்பில் தலை கவிழ்ந்த மாணவனை 'நடிக்கிறான்' என்கிறோம்.

நடிப்பவர் இல்லையா எனின், உண்டு. ஆயினும் நடிப்பவர் ஒருவரை நம்பிவிட்டால் நாம் இழப்பது ஒரு மணிநேரம். உற்றவர் ஒருவரை நம்ப மறுத்தால் அவர் இழப்பது உயிராகவும் இருக்கலாம். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் இலக்கணத்தைத் திருத்தியபோது, தமக்கு வலி உள்ளதாக ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்படுதல் வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. சொல்ல இயலாமை வலியின்மை ஆகாது என்றும் அது தெளிவுறுத்தியது.

அபினி விளையும் நாட்டில்

நம்ப மறுத்தலின் கொடிய விளைவைப் புற்றுநோயாளரிடம் காணலாம். இறுதிக்கால வலியைத் தணிக்க மார்பின் என்னும் மருந்து உண்டு, விலையும் மிகுதியன்று. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினி பயிரிடப்படுகின்றது. எனினும் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் பின், பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தமையாலும் தண்டனைக்கு அஞ்சியும் மருந்தகங்கள் மார்பினை வைப்பதையே கைவிட்டன. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் சட்டம் தளர்ந்த அளவுக்கு அச்சம் தளரவில்லை. லான்செட் இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆண்டுதோறும் பகிரப்படும் மார்பின் வகை மருந்துகள் ஏறத்தாழ 299 டன். அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிட்டுவது 0.1 டன்.

இம்மருந்தை வரைமுறையின்றி வழங்கியதால் அமெரிக்கா பட்ட துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. மிகுதியும் கேடே, இன்மையும் கேடே. நெறியோடு வழங்கும் வழி நம் அண்டை மாநிலத்திலேயே உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் எம்.ஆர். இராசகோபாலும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய வலி மற்றும் ஆறுதல் சிகிச்சைச் சங்கம், ஊரார் துணையோடு நோயாளியின் இல்லத்துக்கே சென்று வலி தணிக்கும் முறையை வளர்த்தது. 2008-இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. மாணவரும் முதியோரும் சாதி சமயம் பாராது தொண்டர்களாய்ச் செல்கின்றனர். நம் ஊர்களிலும் இது இயலாததன்று.

நோவுக்குச் சொல் வேண்டும்

இறுதியாக, தமிழ்த்துறையின் கடமைக்கு வருவோம். உற்றவர் சொல்லே சான்றெனில், அச்சொல் செம்மையாக இருத்தலும், கேட்பவர்க்கு அது விளங்குதலும் இன்றியமையாதன. இதனை முன்னோர் உணர்ந்திருந்தனர். இப்னு சீனா பதினோராம் நூற்றாண்டில் அரபு மொழியில் யாத்த 'அல்-கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில், குத்துவது, இழுப்பது, அழுத்துவது, துளைப்பது, மரத்துப்போவது என நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்துரைத்தார். 1975-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்சாக் உருவாக்கிய வினாநிரல், 78 ஆங்கிலச் சொற்களை 20 கூட்டங்களாக வகுத்தது. நோயாளி தம் வலிக்கேற்ற சொல்லைத் தெரிவு செய்ய, மருத்துவர் அதனால் நோயின் தன்மையை உய்த்துணர்வார்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? பழந்தமிழில் 'வலி' என்பது வலிமையைக் குறித்தது. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் அதற்குச் சான்று. துன்பத்திற்கு 'நோ', 'நோய்' என்பனவே சொற்கள். மக்கள் நாவிலோ குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, பிடிப்பு, எரிச்சல், காந்தல், தெறிப்பு, சுளுக்கு என எத்தனை எத்தனை! 'விண்விண்' என்பதும் 'சுரீர்' என்பதும் 'நமநம' என்பதும் வெறும் ஒலிக்குறிப்புகள் அல்ல. 'காந்துகிறது', 'மரத்துப்போகிறது' என்னும் சொற்கள் நரம்பின் பழுதை மருத்துவர்க்கு உணர்த்தக் கூடியவை. 'விண்விண்' என்பது சீழ்கட்டிய வீக்கத்தைச் சுட்டக் கூடும். கிராமத்து மூதாட்டி துல்லியமாகச் சொன்ன சொல், மருத்துவச் சீட்டில் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றது. அவர் கொண்டுவந்த சான்றின் பெரும்பகுதி அங்கே தொலைந்துபோகின்றது.

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. கல்லூரித் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்தில் வழங்கும் நோவுச் சொற்களை மாணவர் வாயிலாகத் தொகுத்தல் வேண்டும். கடலோர மீனவர் சொல்லும், மலையடிவார உழவர் சொல்லும், நெசவாளர் சொல்லும், இல்லத்துப் பெண்டிர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லும் அத்தொகுப்பில் இடம்பெற வேண்டும். எந்தச் சொல் எவ்விடத்து நோவுக்கு, எவ்வகை நோவுக்கு வழங்குகின்றது என்பதையும் குறித்தல் வேண்டும். அதனை மருத்துவரோடு அமர்ந்து ஆய்ந்து, மருத்துவமனைகளில் பயன்படும் சிறு கையேடாக வெளியிடலாம். அகராதிப் பணியும் அறப்பணியும் ஒன்றாகும் அரிய வாய்ப்பு இது.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் பழமொழி. பிறர் நோவை நாம் உணர இயலாது என்னும் உண்மையை நரம்பியலுக்கு முன்பே கண்டுரைத்த மொழி அது. உணர இயலாதாயினும் கேட்க இயலும். கேட்டதை நம்பவும் இயலும். மாணவச் செல்வங்களே, அருகிருப்பவர் 'வலிக்கிறது' என்று சொன்னால், 'எங்கே காயம்?' என்று தொடங்காதீர்கள். 'எப்படி வலிக்கிறது?' என்று கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறர்க்கு நாம் செய்யும் முதல் மருத்துவம் அதுவே.